கப்பலில் இருக்கும் கணவர்

வீட்டுப் புரோக்கர்கள் அவளுக்கு வைத்த பெயர் தாழ்ப்பாள். வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், காற்று வருமா என்று கேட்பார்கள். இவள் உள்ளே போனதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். புரோக்கர் வெளியே நிற்பார்.

"தள்ளுங்க சார்," என்று உள்ளிருந்து குரல் வரும். "தோளைக் கொடுத்துத் தள்ளுங்க. காலையில சாப்பிட்டீங்களா இல்லையா?"

புரோக்கர் தள்ளுவார். தாழ்ப்பாள் ஆடினால் அந்த வீடு வேண்டாம். ஆடாவிட்டால் அடுத்த கேள்விகள். வெளியே போக இரண்டாவது வழி உண்டா? கீழே கடை இருக்கிறதா? எதிர்வீட்டில் எந்நேரமும் ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை எட்டிப் பார்க்கும் ஆள் உண்டா? மற்றவர்கள் அப்படிப்பட்ட அண்டைவீடு வேண்டாமென்று ஓடுவார்கள். அவளுக்கு அது கூடுதல் வசதி.

வீட்டில் அடி தாங்காமல் வெளியேறி வந்த பெண்கள் தங்கும் இல்லம் ஒன்றில் அவள் வேலை பார்த்தாள். இல்லத்தில் தொண்ணூறு நாள்தான் தங்கலாம். தொண்ணூற்றோராவது நாள் அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் எங்கே படுப்பார்கள் என்பது அவள் பொறுப்பு. அதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஒரு புரோக்கர் அலுவலகத்தில் வாடகை ஒப்பந்தம் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். இல்லத்துக்குப் புதிதாக வரும் பெண்கள் ஏதாவது ஒரு சமயத்தில் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்: "உங்க வீட்டிலேயும் இப்படித்தானாக்கா?"

"எங்க வீட்டிலா? அவருக்குக் கொசு அடிக்கவே கை வராது. நான்தான் அடிக்கணும்."

"அப்புறம் ஏன்க்கா இந்த வேலைக்கு வந்தீங்க?"

"எனக்கு வீடு பார்க்கத் தெரியும்."

அது உண்மை. ஆனால் வீடு பார்ப்பதல்ல கஷ்டம், வீடு கிடைப்பது. இந்த வேலைக்கு வந்த புதிதில் அவள் வீட்டுச் சொந்தக்காரர்களிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஒருவர் தண்ணீர் கொடுத்து, கண் கலங்கி, கடைசியில் கைகூப்பினார். "பாவம்தான் அம்மா. ஆனா நாளைக்கு அவன் வந்து வாசல்ல நின்னு கத்தினா?" இன்னொருவர் அத்தனையும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாமே," என்றார். பத்தொன்பது வீடு ஏறி இறங்கினாள். இருபதாவது வீட்டில் சொந்தக்காரர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "பொண்ணோட வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"கப்பல்ல வேலை," என்றாள். "வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார்."

வீடு கிடைத்தது.

அதன்பின் பதினோரு வருடங்களில் நாற்பத்துமூன்று கணவர்களைக் கப்பலேற்றிவிட்டாள். சிலரை மட்டும் ஒரு மாறுதலுக்காகப் பாலைவனத்தில் எண்ணெய்க் கிணற்றுக்கு அனுப்பினாள். இல்லத்து நிர்வாகி, "உன் புண்ணியத்தில ஒரு கடற்படையே வச்சிருக்கோம்," என்பாள். அவளும் சிரிப்பாள். அந்தப் பெண்களுக்கு அவள் தூரத்து அக்காவாகவும் ஆனாள். இல்லத்தின் பெயரைச் சொன்னால் குட்டு உடைந்துவிடும். அக்கா என்றால் கேள்வி கிடையாது.

நாற்பத்துமூன்றாவது பெண் ஒரு தையல்காரி. எட்டு வயதில் ஒரு மகள். இடது கை இரண்டு முறை உடைந்து, இரண்டாவது முறை சரியாகச் சேராமல், மணிக்கட்டுக்கு மேல் சற்று வளைந்திருக்கும். தைக்கும்போது துணியை அந்தக் கையால் ஒரு மாதிரி அமுக்கிப் பிடிப்பாள். இரண்டு வருடத்தில் மூன்று வீடு மாறியவள். முதல் வீட்டைக் கணவனின் தம்பி கண்டுபிடித்தான். இரண்டாவது வீட்டில் விஷயம் தெரிந்து காலி செய்யச் சொன்னார்கள். மூன்றாவது வீட்டின் ஜன்னல் வழியாக ஒருநாள் கணவனே எட்டிப் பார்த்தான். அதற்கப்புறம்தான் அவன் அவளை நெருங்கக்கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதற்கப்புறம்தான் இல்லத்துக்கு வந்தாள்.

அவளுக்குக் கிடைத்தது ஒரு சலவைக்கடையின் மாடி. ஒரு அறை, சமையலறை, குளியலறை. கடையை ஒட்டிப் பக்கவாட்டில் பன்னிரண்டு படிகள். தாழ்ப்பாள் மூன்று விரல் தடிமன். கடையை நடத்தும் அம்மாதான் வீட்டுக்குச் சொந்தக்காரி. ஐம்பத்தெட்டு வயது. காலை ஏழு முதல் மாலை ஏழு வரை இஸ்திரி மேசையை விட்டு நகராதவள். தெருவில் யார் எந்தச் சட்டையை எத்தனை நாளாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது வரை தெரிந்தவள். இதைவிட நல்ல காவல் கிடைக்காது என்று தாழ்ப்பாளக்கா நினைத்தாள்.

எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள். தையல்காரியின் பழைய போனைத் தூக்கிப் போடச் செய்து புதிது வாங்கினார்கள். பள்ளித் தலைமையாசிரியையிடம் உண்மையைச் சொல்லி, தாயைத் தவிர யாரிடமும் பிள்ளையை அனுப்பமாட்டோம் என்று எழுதி வாங்கினார்கள். அவள் வேலை பார்க்கும் தையல் கூடத்து மேற்பார்வையாளருக்குத் தெரியும். தெருமுனை மருந்துக்கடைக்காரருக்குக்கூடப் பாதி தெரியும். சலவைக்கடை அம்மாவுக்கு மட்டும் தெரியாது. அவளைப் பொறுத்தவரை மாடியில் இருப்பது ஒரு கப்பல்காரரின் மனைவி.

ஆறு மாதம் ஓடியது. பிள்ளைக்குப் பள்ளியில் ஒரு சிநேகிதி கிடைத்தாள். இருவரும் எலாஸ்டிக் பட்டைகளை மாற்றிக்கொண்டு தலைக்குப் போட்டுக்கொண்டார்கள்.

அன்று பிற்பகல் மூன்று பத்துக்குத் தாழ்ப்பாளக்கா வேறொரு பெண்ணுக்காக நகரத்தின் மறுகோடியில் ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. வெளியே புரோக்கர் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. சலவைக்கடை அம்மா.

"ஏம்மா, விஷயம் தெரியுமா? உன் தங்கச்சி வீட்டுக்காரர் வந்துட்டாரு!"

தாழ்ப்பாளக்கா போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"கேக்குதா? கப்பல்லேருந்து வந்துட்டாரு. பாவம், புழுக்கத்துல வேர்த்துப்போய் வந்து வாசல்ல நின்னாரு. மாடியில குடியிருக்கிறவங்க இருக்காங்களான்னு கேட்டாரு. நான்தான், நீங்க கப்பல்காரர்தானே, எப்ப வந்தீங்கன்னு கேட்டேன். காலையிலதான்மான்னாரு. என்னா மரியாதை! இப்படி ஒரு மனுஷனை வச்சுக்கிட்டு உன் தங்கச்சி வாயே திறக்கறதில்லையே."

"இப்ப எங்க அவர்?"

"மேலதான். எங்கிட்ட இருக்கற சாவியைக் கொடுத்துட்டேன். அவகிட்ட சொல்லிடாதீங்க, திடீர்னு பார்த்து சந்தோஷப்படட்டும்னு சொல்லியிருக்காரு. நீயும் சொல்லிடாதே."

இந்த இடத்தில் அவள் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். அது நாக்கு நுனிவரை வந்தது. அதே நொடியில் பதினோரு வருடப் பழக்கம் உள்ளே கணக்குப் போட்டது: சொன்னால் வீடு போய்விடும். பொய் தெரிந்த மறுநாளே அந்த அம்மா காலி செய்யச் சொல்வாள். தையல்காரி ஐந்தாவது வீடு தேட வேண்டும். பிள்ளை இன்னொரு பள்ளிக்குப் போக வேண்டும். நேரம் இருக்கிறது, நாமே போய்த் தெருமுனையில் மடக்கிவிடலாம்.

"அப்படியாம்மா? நல்லது," என்றாள் தாழ்ப்பாளக்கா. "நான் சொல்லலை."

போனை வைத்தாள். தாழ்ப்பாளைத் திறக்க இரண்டு முறை இழுக்க வேண்டியிருந்தது. புரோக்கர், "என்னம்மா, பிடிச்சிருக்கா?" என்றார். அவள் அவரைத் தள்ளிக்கொண்டு படியிறங்கினாள்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் முதலில் தையல்காரியை அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலில் ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டால் வேலை முடிந்துதான் எடுக்க முடியும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் இன்னொரு முறை அழைத்தாள். மேற்பார்வையாளரும் எடுக்கவில்லை. பிறகு காவல் நிலையம்.

"புருஷன் பொண்டாட்டியைப் பார்க்க வந்திருக்கான். அதுல என்னம்மா குற்றம்?" என்றது ஒரு குரல்.

நீதிமன்ற உத்தரவின் எண்ணை, வருடத்தோடு, மனப்பாடமாகச் சொன்னாள். நீதிபதி யாரென்றும் சொன்னாள். அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "அனுப்பறோம்."

"எப்ப?"

"வண்டி வந்ததும்."

தையல்காரிக்கு மூன்றரைக்கு இருபது நிமிட அனுமதி. பள்ளிக்குப் போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, மாடியில் விட்டு, வெளியே பூட்டிக்கொண்டு திரும்பக் கூடத்துக்கு ஓடுவாள். மூன்று நாற்பத்தைந்துக்குப் படியேறுவாள். இப்போது மூன்று இருபது. பாலத்துக்கு இந்தப் பக்கம் லாரிகள் வரிசை கட்டி நின்றன.

"வேற வழி இல்லையா அண்ணா?"

"இருக்கு. பறந்துதான் போகணும்," என்றார் ஆட்டோக்காரர். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். அதன்பின் ஒன்றும் பேசாமல் வண்டியை ஒடித்து ஒரு சந்துக்குள் விட்டார்.

சந்து குலுக்கிய குலுக்கலில்தான் அவளுக்கு உறைத்தது. மூன்று பத்துக்கு அந்த அம்மா கேட்டுக்கொண்டு இருந்தாள். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவள் படிக்குக் கீழேயே நின்று தாயையும் பிள்ளையையும் நிறுத்தியிருப்பாள். வீட்டைக் காப்பாற்றப் போய் அதில் இருக்கிறவளை விட்டுவிட்டோம்.

சலவைக்கடைக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. நீராவி இஸ்திரி போடும்போது அந்த அம்மாவுக்குக் காது கேட்காது. மறுபடி போட்டாள். மறுபடி.

பள்ளி அலுவலகத்துக்குப் போட்டாள். எடுத்த பெண் நிதானமாகப் பேசினாள். "மழை வர்ற மாதிரி இருந்துச்சு மேடம், பத்து நிமிஷம் முன்னாடியே விட்டுட்டோம். அவங்கம்மாவும் மேகத்தைப் பார்த்துட்டு சீக்கிரமே வந்து நின்னாங்க. இப்பத்தான் கேட்டைத் தாண்டினாங்க. ஏன் மேடம், ஏதாவது..."

தெருமுனையில் ஒரு தண்ணீர் வண்டி குறுக்கே நின்றது. அவள் ஆட்டோவை விட்டுக் குதித்து ஓடினாள். நாற்பத்தேழு வயது. கடைசியாக எப்போது ஓடினாள் என்று நினைவில்லை. ஒரு செருப்பு அறுந்தது. இரண்டையும் விட்டுவிட்டு ஓடினாள்.

சலவைக்கடை தெரிந்தது. கடை முன்னால் ஒருவர் சலவைக்குப் போட்ட கோட்டுக்காகக் காத்திருந்தார். தையல்காரி கடை வாசலில் நின்றாள். பிள்ளை பையை முதுகில் போட்டபடி நான்கு படி ஏறியிருந்தது. இஸ்திரி மேசைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மா வாயெல்லாம் சிரிப்பாக, ரகசியம் தாங்காமல், சொல்லிக்கொண்டிருந்தாள்:

"மேல போய்ப் பாரு பாப்பா. யார் வந்திருக்காங்கன்னு போய்ப் பாரு!"

தையல்காரிக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நின்ற இடத்திலேயே அவள் முகம் வெளிறியது. "பாப்பா," என்றாள். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

மேலே கதவு திறந்தது.

அவன் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தான். காலில் செருப்பில்லை, வீட்டு ஆள் மாதிரி. "வந்தாச்சா என் செல்லம்?" என்றான் மிக மெதுவாக. "அப்பாகிட்ட வா."

அவனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் எட்டுப் படிகள். தையல்காரி ஒரு அடி வைத்தால் அவனும் வைப்பான். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. அசையவில்லை.

"அம்மா!" என்று தாழ்ப்பாளக்கா தெருவில் நின்று கத்தினாள். மூச்சு அடைத்தது. "அவர் கப்பல்காரர் இல்லைம்மா. நான் சொன்னது பொய். அவ கையை ரெண்டு தடவை உடைச்சவர். அவகிட்ட நெருங்கக் கூடாதுன்னு கோர்ட்டு உத்தரவு இருக்கு."

கோட்டு வாங்க வந்தவர் ஒரு அடி பின்வாங்கினார். அந்த அம்மாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் போகவில்லை, அதற்கு விஷயம் போய்ச் சேரவில்லை. இஸ்திரிப் பெட்டி ஒரு வெள்ளைச் சட்டையின் மேல் அப்படியே இருந்தது.

அவன் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அம்மா, நீங்களே சொல்லுங்க," என்றான். "இந்த அம்மா உங்ககிட்ட ஆறு மாசமா பொய் சொல்லியிருக்காங்க. அவங்க வாயாலேயே சொல்றாங்க. இப்ப மட்டும் உண்மையா சொல்லப் போறாங்க? இது எங்க குடும்ப விஷயம். என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?"

அந்த அம்மா அவனைப் பார்த்தாள். தாழ்ப்பாளக்காவைப் பார்த்தாள். "நீ அவ அக்காதானே?" என்றாள்.

"இல்லைம்மா."

"அதுவும் பொய்யா?"

"ஆமா."

மேலே அவன் லேசாகத் தலையை ஆட்டினான், பாருங்கள் என்பது போல. ஒரு படி இறங்கினான்.

பிள்ளையும் ஒரு படி இறங்கியது. திரும்பி ஓடவில்லை. அவனுக்கு முதுகைக் காட்டாமல், அவன் கைகளிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு கால் பின்னால் நீண்டு படியைத் துழாவிக் கண்டுபிடித்தது. பிறகு மற்றக் கால். மறுபடி கால் பின்னால் துழாவியது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது நன்றாகப் பழகியிருந்தது.

சட்டை கருகும் வாசனை வந்தது. அந்த அம்மா பிள்ளையின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள். மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, கடைசிப் படிக்கு வந்துவிட்ட பிள்ளையை மறு கையால் தன் பின்னால் தள்ளிவிட்டு, படிக்கு நேராக நின்றாள். தையல்காரி பிள்ளையை வாரிக்கொண்டு தொங்கும் துணிகளுக்குள் போனாள்.

"சாவியைக் கொடுங்க தம்பி."

"இது என் பொண்டாட்டி வீடும்மா."

"இது என் வீடு. வாடகைப் பத்திரத்தில உங்க பேர் இல்லை. நான் படிச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

"நான் பேசணும், அவ்வளவுதான்."

"பேசுங்களேன். அங்கேயே நின்னு பேசுங்க. கிட்ட வராதீங்க, சூடா இருக்கு." இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள். அதன் அடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

கோட்டுக்கு வந்தவர் போகவில்லை. எதிர்க்கடை ஆட்கள் இரண்டு பேர் தெருவைக் கடந்து வந்தார்கள். ஆட்டோக்காரர் கூலி வாங்க வந்தவர், கூலி கேட்காமல் தாழ்ப்பாளக்காவின் பக்கத்தில் நின்றுகொண்டார். அவன் ஒவ்வொருவராக எண்ணுவது போலப் பார்த்தான். சாவியைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்தான். வைத்துவிட்டுத் துணிகளின் பக்கம் பார்த்துச் சொன்னான்:

"வீட்டை நல்லா வச்சிருக்கே."

போலீஸ் வண்டி வந்தபோது அவன் படியிலேயே உட்கார்ந்திருந்தான். கேட்டதற்கெல்லாம் பணிவாகப் பதில் சொன்னான். இரண்டு மாதமாக நகரத்தின் ஒவ்வொரு தையல் கூடத்து வாசலிலும் வேலைவிடும் நேரத்தில் நின்றதாகச் சொன்னான். அவளுக்கு வேறு வேலை தெரியாதே என்றான். நேற்று அவளைப் பின்தொடர்ந்து இந்தத் தெரு வரை வந்திருக்கிறான். ஏதோ பெரிய பாசக்கதை போல அதைச் சொன்னான். வண்டியில் வந்த ஏட்டு நீதிமன்ற உத்தரவின் எண்ணைக் கேட்க, தாழ்ப்பாளக்கா மறுபடி ஒப்பித்தாள். வண்டியில் ஏறும்போது, "ரெண்டு நாள், அதிகம் போனா மூணு நாள்தான் உள்ள வைக்க முடியும்," என்று ஏட்டு அவள் காதருகே சொன்னார். "அதுக்குள்ள ஏதாவது பண்ணிக்குங்க."

வண்டி போனதும் அந்த அம்மா திரும்பினாள்.

"என்னை இப்படி முட்டாளாக்கிட்டியேம்மா."

தாழ்ப்பாளக்கா கடை வாசலுக்கு வந்தாள்.

"மூணு மணிக்குப் போன்ல சொன்னேனே, அப்பவாவது சொன்னியா? நல்லதுன்னே. நானே என் கையால சாவியைக் கொடுத்தேன். இந்தக் கையால." கையைப் பார்த்தாள். "கப்பல்லேருந்து எப்ப வந்தீங்கன்னு நான் கேட்டதும் ஒரு நொடி முழிச்சான். பயணக் களைப்புன்னு நினைச்சேன். பெட்டி எங்கேன்னு கேட்டேன், பின்னால வருதுன்னான். உன் பொய்யை நான் எடுத்துக் கொடுத்தேன், அவன் அதைப் போட்டுக்கிட்டான்."

"சொன்னா நீங்க வீடு கொடுத்திருக்க மாட்டீங்கம்மா."

"மாட்டேன்தான்." கையைச் சேலையில் துடைத்தாள். "அதுக்கு? பொய் சொல்றவ நல்ல பொய்யா சொல்லக் கூடாதா? கப்பல்ல ஏத்தினவளுக்கு அவனைக் கடலுக்குள்ள தள்ளிவிட என்ன கேடு? செத்துப்போனவன் வந்து நின்னா நான் சாவியா கொடுத்திருப்பேன்?"

துணிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. தையல்காரி சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை.

தாழ்ப்பாளக்கா போனை எடுத்தாள். இல்லத்தில் ஒரு விதி உண்டு. அவனுக்கு முகவரி தெரிந்துவிட்டால் அன்றே காலி. வண்டி அனுப்பச் சொல்ல வேண்டும். மாடியில் இருப்பதை இரண்டு மூட்டையாகக் கட்ட அரை மணி நேரம். மதியம் பார்த்த வீட்டின் தாழ்ப்பாள் ஆடவில்லை, அதை இவளுக்குக் கொடுத்துவிடலாம். அவள் மனம் ஏற்கெனவே அந்த வீட்டுச் சொந்தக்காரரிடம் பேசத் தொடங்கியிருந்தது. பொண்ணோட வீட்டுக்காரர் என்ன பண்றார்? அந்த இடத்தில் அவள் மனம் நின்றது.

நின்ற இடத்தில் மற்ற நாற்பத்திரண்டு வீடுகள் தெரிந்தன. நாற்பத்திரண்டு வாசல்கள். ஒவ்வொன்றிலும் நல்ல மனசோடு ஒருவர், கப்பல்காரர் எப்போது வருவார் என்று காத்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்து வந்த மாதங்களில் அந்தப் பெண்களிடம் ஒவ்வொருவராகப் பேசி, அவர்கள் சம்மதித்த வீடுகளுக்கெல்லாம் போனாள். சிலர் கத்தினார்கள். சிலர், எங்களுக்கு எப்போதோ தெரியும், நீதான் சொல்லவில்லை என்றார்கள். ஒன்பது பேர் காலி செய்யச் சொன்னார்கள். ஒன்பது வீடுகளை அவள் மறுபடி தேடினாள். உண்மையைச் சொல்லித் தேடுவது மூன்று மடங்கு நடை. அப்படிக் காலி செய்த பெண்களில் ஒருத்தி இவள் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று இன்றுவரை பேசுவதில்லை. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அன்று, சலவைக்கடையில், "வண்டி வரச் சொல்றேன்," என்றாள் தாழ்ப்பாளக்கா. "சாமான் எடுத்துவைப்போம்."

"நான் வரலைக்கா," என்றாள் தையல்காரி.

துணிகளை விலக்கிக்கொண்டு வெளியே வந்திருந்தாள். பிள்ளை அவள் இடுப்பைப் பிடித்திருந்தது.

"அவனுக்கு இடம் தெரிஞ்சுபோச்சு. மூணு நாள்ல வந்துடுவான்."

"வரட்டும். எங்க போனாலும் வரான். நான் தையல் தைக்கற இடமெல்லாம் வாசல்ல நிப்பான். அதுக்காக நான் தைக்காம இருக்க முடியுமா?" மூச்சு வாங்கிக்கொண்டாள். "மூணு வீட்டிலேயும் எனக்காக யாரும் கீழே இறங்கி வரலைக்கா. ஜன்னலைச் சாத்திக்கிட்டாங்க. இங்கதான் ஒருத்தங்க..." அந்த அம்மாவைப் பார்த்தாள். "ஆனா அவங்க சொல்லணும். வீடு அவங்களோடது. போன்னு சொன்னா போயிடறேன்."

கோட்டுக்காரர் தன் கோட்டைத் தானே கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போனார்.

அந்த அம்மா கருகிய சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். முதுகில் பழுப்பாக ஒரு முக்கோணம். "முப்பது வருஷத்தில முதல் தடவை," என்றாள். அதை மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு கேட்டாள்: "அவனுக்கு அண்ணன் தம்பி உண்டா?"

"ஒரு தம்பி."

"எப்படி இருப்பான்?"

"குள்ளமா. மோதிரம் போட்டிருப்பான்."

"வண்டி?"

தையல்காரி வண்டியின் நிறத்தையும் எண்ணையும் சொன்னாள். அந்த அம்மா துணிகளில் கட்டும் அட்டை ஒன்றை எடுத்து எழுதிக்கொண்டாள். அவன் அம்மா வருவாளா, யார் பெயரைச் சொல்லி வருவார்கள், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று யாராவது சொன்னால் நம்பலாமா, எல்லாம் கேட்டாள். அட்டை நிறைந்ததும் இன்னொன்றை எடுத்தாள். அவ்வளவு கேள்விகளைத் தாழ்ப்பாளக்காகூட எந்தப் பெண்ணிடமும் கேட்டதில்லை.

"நாளைக்கு மேசையைப் படிக்குக் கீழே இழுத்துப் போட்டுடறேன். மேல போறவன் என் மேல ஏறித்தான் போகணும்," என்றாள் அந்த அம்மா. "பூட்டு மாத்தணும். ஒரு சாவிகூட எனக்கு வேண்டாம். எனக்கு வாய் நிக்காது." பிறகு தாழ்ப்பாளக்காவைப் பார்த்தாள். "உன்னை நான் மன்னிக்கலை. அதை ஞாபகம் வச்சுக்கோ."

"சரிம்மா."

"செருப்பு எங்கே உனக்கு?"

"வழியில விட்டுட்டேன்."

"நல்லா இருக்கு."

தையல்காரி கடைப் போனிலிருந்து கூடத்துக்கு அழைத்து வர முடியாது என்று சொன்னாள். பிறகு பிள்ளையின் கையைப் பிடித்துப் படிக்கு வந்தாள். பிள்ளை முதல் படிக்கு முன்னால் நின்றுவிட்டது. இழுத்தால் வரவில்லை. திட்டினாலும் வராது என்பது தெரிந்தது. மாடிக் கதவு அவன் திறந்துவிட்டபடியே திறந்து கிடந்தது.

"உள்ள யாரும் இல்லை பாப்பா," என்றாள் தையல்காரி.

பிள்ளை நகரவில்லை. யாரும் இல்லை என்று அதற்கு இதற்கு முன்னும் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்காலைப் பிடித்துப் பிடித்துப் படியேறினாள். உள்ளே போனாள். கீழே மூன்று பேரும் அவள் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"சமையலறை," என்று குரல் வந்தது. "ரெண்டு பாத்திரம் இருக்கு. ஆள் இல்லை."

பிள்ளை ஒரு படி ஏறியது.

"குளியலறை. ஒரு வாளி. வாளிக்குள்ளேயும் பார்த்துட்டேன்."

இன்னொரு படி. இன்னொன்று.

"கதவுக்குப் பின்னால ஒரு பை தொங்குது. ஆட்டிப் பார்த்தேன். துணிதான்."

தையல்காரி பிள்ளைக்கு ஒரு படி கீழே, தொடாமல் வந்தாள். தாழ்ப்பாளக்காவின் போன் அதிர்ந்தது. இல்லத்திலிருந்து. வண்டி அனுப்பவா என்று கேட்பார்கள். அவள் அதை எடுக்காமல் உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்பதாவது படியில் பிள்ளை நின்றது. "கட்டிலுக்கு அடியில?" என்று கேட்டது.

மேலே கட்டில் கிரீச்சிட்டது. பிறகு ஒரு முனகல், முழங்கால் தரையில் படும் சத்தம்.

"தூசி," என்றது குரல். "தூசி, தூசி, ஒரு பென்சில். உங்கம்மா பெருக்கறதே இல்லை போலிருக்கு."

"நேத்துதான்மா பெருக்கினேன்!" என்றாள் தையல்காரி.

பிள்ளை திரும்பி அம்மாவைப் பார்த்தது. பிறகு கைப்பிடிச் சுவரை விடாமல் அடுத்த படியில் காலை வைத்தது.